பீரோவுக்குள் இருக்கும் ஆரணி



மாதம் ஒரு முறையாவது நம் தெருக்களில் அந்தக் குரல் கேட்கிறது. "பழைய பட்டுப்புடவை வாங்குறது... பட்டு வேட்டி, ஜரிகைத் துணி வாங்குறது..." முன்பு சைக்கிளில் வந்தவர் வாயால் கூவினார். இப்போது வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி கூவுகிறது. கிழிந்திருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள், கறை பட்டிருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது புடவையில் இருக்கும் வெள்ளி. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. துணியை எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும், வெள்ளி மிஞ்சும்.

எங்கள் வீட்டில் அம்மாவின் கூறைப்புடவை போனது அப்படித்தான். 1961இல் கட்டிய புடவை. மடிப்பு மடிப்பாக நைந்து போயிருந்தது. அதை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். வந்த பணத்தில் என்ன வாங்கினோம் என்பதுகூட இப்போது நினைவில்லை. அரக்கு நிற உடல், பச்சைக் கரை என்பது வரை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். கரையில் ஓடியது அன்னம் என்று நான் சொல்கிறேன். கிளி என்று அக்கா சாதிக்கிறார். கல்யாணப் படம் கறுப்பு வெள்ளை. அதில் கரை வெறும் வெளிறிய பட்டையாகத்தான் தெரிகிறது.

இது என் வீட்டுச் சங்கதி மட்டும் என்றால் செய்திமடலில் எழுத மாட்டேன். தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்குமே இதில் இடம் போதவில்லை. ஆனால் நம் ஊருக்கே இப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. உங்கள் பீரோவைத் திறக்கும் முன் அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஆரணி என்றால் பட்டு என்று நமக்குப் பழகிவிட்டது. பழைய ஆங்கில ஏடுகளைப் புரட்டினால் 'ஆர்ணி' என்ற பெயரில் நம் ஊர் இரண்டு காரணங்களுக்காக வரும். ஒன்று சண்டை. 1751 டிசம்பர் 3ஆம் தேதி ராபர்ட் கிளைவ், சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பை இங்கே தோற்கடித்தார். 1782 ஜூன் 2ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் குறையில்லை. மற்றொரு காரணம்தான் நமக்கு முக்கியம். அது மஸ்லின். பட்டு அல்ல, பருத்தி. டாக்கா மஸ்லினைப் பற்றி எல்லோரும் கேட்டிருப்பீர்கள். சென்னை மாகாணத்தின் நயமான மஸ்லின் என்று 19ஆம் நூற்றாண்டில் பேசப்பட்டவற்றில் ஆர்ணி மஸ்லினும் உண்டு. கமண்டல நாகநதிக் கரையில், ஜாகீர்தார்கள் ஆண்ட இந்தச் சிற்றூரில், அவ்வளவு மெல்லிய துணியை நெய்தவர்கள் இருந்தார்கள்.

இன்று ஊரில் யாரிடமாவது ஆரணி மஸ்லின் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பட்டு நெசவில் நான்கு தலைமுறை கண்ட குடும்பங்களில்கூட அப்படி ஒன்று இருந்ததா என்று திருப்பிக் கேட்கிறார்கள். எந்த நூல், எத்தனை எண் அச்சு, எந்தக் கஞ்சி என்று சொல்ல ஆளில்லை.

அந்தக் காலத்து இந்தியத் துணிகள் சில தப்பிப் பிழைத்தன. எப்படி என்பது ஒரு விசித்திரமான கதை. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடியும் இரும்பும் கொண்டு எழுப்பிய மண்டபத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. ஏறத்தாழ 60 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து போன துணிகள் அங்கே இருந்த ஓவியர்களையும் கட்டடக் கலைஞர்களையும் திகைக்க வைத்தன. அவர்களில் ஓவன் ஜோன்ஸ் என்பவர் முக்கியமானவர். அவருடைய நாட்டில் அப்போது தரைக்கம்பளத்தில் நிழலும் வெளிச்சமுமாக, நிஜம் போலவே ரோஜாக்களை நெய்துகொண்டிருந்தார்கள். மிதிக்கிற இடத்தில் பூந்தோட்டம்! இந்தியத் துணியில் பூ தட்டையாக இருந்தது, நிழல் இல்லை. ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் விட்ட இடமும் கணக்காக இருந்தது. துணி துணியாகவே இருந்தது, படமாக நடிக்கவில்லை. ஜோன்ஸ் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். 1856இல் அவர் வெளியிட்ட அலங்கார வடிவங்கள் பற்றிய பெரிய நூலில் இந்திய வடிவங்களுக்குத் தனி இடம் கொடுத்தார். அது ஐரோப்பிய வடிவமைப்பாளர்களின் மேசையில் பல தலைமுறைகள் இருந்த நூல்.

பார்த்து வியந்தவர் ஒருவர் என்றால், பார்த்துக் கணக்குப் போட்டவர் இன்னொருவர். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1866இல், லண்டனில் சேர்ந்திருந்த இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். மொத்தம் 20 பிரதிகள். பெருக்கிப் பாருங்கள், 14,000 துண்டுகள். அவற்றில் 13 பிரதிகள் பிரிட்டனிலேயே தங்கின, 7 இந்தியாவுக்கு வந்தன. ஒவ்வொரு துண்டின் அருகிலும் நீளம், அகலம், எடை, எந்த ஊர் என்ற குறிப்பு. நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை. இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் தெரிந்துகொண்டு, அதைப் போலவே நெய்து இங்கேயே விற்க வேண்டும் என்பதுதான்.

கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் இன்றைக்கு நம் நாட்டுப் பழைய துணிகளை ஆராய்கிறவர்கள் போய்ப் பார்ப்பது அந்தத் தொகுதிகளைத்தான். கெடுதல் செய்ய வெட்டி வைத்தவை காப்பகமாக நிற்கின்றன. நாம் ஆசையாகக் கட்டிப் பாதுகாத்தவை உலையில் போய் வெள்ளிக் கட்டியாகின்றன. இதைச் சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது, என் பங்கும் அதில் இருப்பதால்.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். இன்று எழும்பூர் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். 1884இல் அதன் தலைமைக்கு ஈ.பி. ஹேவெல் வந்தார். மாகாணத்தைச் சுற்றி வந்து கைத்தொழில்களைப் பார்த்து அரசுக்கு அறிக்கை எழுதினார். ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்து வரையச் சொல்லிக் கொடுக்க வந்த ஆள், நம் தச்சரையும் நெசவாளரையும் பார்த்து மனம் மாறினார். பிறகு கல்கத்தா போய் அவனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து அவர் செய்தவை இந்திய ஓவிய வரலாற்றில் தனி அத்தியாயம். கைத்தறியில் கையால் நாடா வீசுவதற்குப் பதில் கயிறு இழுத்து ஓட்டும் விசைநாடா பரவ வேண்டும் என்று வாதாடியவர்களிலும் அவர் ஒருவர்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தவர்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்க்கிறார்?

அவரும் கலையைப் பார்த்தே வரைகிறார். கரையில் ஓடும் கோபுரம், யாளி, அன்னம், இருதலைப் பறவை எல்லாம் கோயில் தூணிலிருந்தும் விதானத்திலிருந்தும் இறங்கி வந்தவை. தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் சாமி கும்பிட்டதும் வந்துவிடாமல், தூண்களின் அடிப்பட்டையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வடமாதிமங்கலம் பக்கம் திருமலை சமணக் கோயிலுக்குப் போனால், 50 அடிக்கு மேல் உயரமுள்ள நேமிநாதரைப் பார்த்த கையோடு, குகைக்குள் இருக்கும் பழைய ஓவியங்களையும் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக, பூவும் கோடுமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஒரு கணம் துணியை விரித்து ஒட்டினாற்போல் தோன்றும். ருத்ராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, வைர ஊசி, கொட்டடி, பாலும் பழமும் கட்டம் என்று நெசவில் வழங்கும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கழுத்தில் போட்டது, தோட்டத்தில் பூத்தது, இலையில் பரிமாறியது எல்லாம் அதில் இருக்கின்றன.

ஆனால் பார்த்ததை அப்படியே தறியில் ஏற்ற முடியாது. இந்த இடத்தில்தான் எனக்கு இந்தத் தொழிலின் மேல் மரியாதை கூடியது. கோடு போட்ட கட்டக் காகிதத்தில் முதலில் வரைகிறார்கள். குறுக்கே ஒரு கட்டம் என்றால் பாவில் ஓர் இழை. மேலே ஒரு கட்டம் என்றால் ஊடையில் ஓர் ஓட்டம். மயிலின் கழுத்து வளைவு கட்டத்தில் படிக்கட்டாகிவிடும். எத்தனை படியில் வளைத்தால் தூரத்திலிருந்து பார்க்கும் கண் அதை வளைவு என்று நம்பும் என்பது வரைகிறவரின் கணக்கு. ஒரு கட்டம் கூடினால் மயில் கொக்காகிவிடும். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள், ஓர் ஊடை ஓட்டத்துக்கு ஓர் அட்டை. தறியின் தலைக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்தத் துளைகளைப் படித்து இழைகளைத் தூக்கும். பிரான்ஸில் லியோன் நகரப் பட்டு நெசவுக்காக ஜோசப் மேரி ஜக்கார்டு 1804இல் அமைத்த கருவி அது. அட்டையில் துளையிட்டு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் அந்த யோசனையைத்தான் பிறகு இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். நம் பிள்ளைகள் பெங்களூரில் பார்க்கும் கணினி வேலைக்கும் தாத்தா வீட்டுத் தறிக்கும் அப்படி ஒரு பங்காளி உறவு உண்டு.

ஜக்கார்டு வருமுன் இதையெல்லாம் கயிற்றில் கட்டி வைத்தார்கள். அதற்கு 'அடை' என்று பெயர். எந்த ஓட்டத்தில் எந்த இழை எழ வேண்டும் என்பது வரிசையாகக் கயிற்று முடிச்சுகளில் இருக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்து இழுத்துக் கொடுக்க வேண்டும். கரையும் உடலும் வேறு வேறு நிறமாகத் தெளிவாகப் பிரியும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள். பெரும்பாலும் தகப்பனும் பிள்ளையும், அல்லது கணவனும் மனைவியும். ஆக, ஒரு பழைய புடவையின் கரை என்பது யாரோ ஒருவர் கோயில் தூணைப் பார்த்து, இன்னொருவர் அதைக் கட்டமாக்கி, வேறு இருவர் உட்கார்ந்து நெய்தது. எழுத்தில் எதுவும் இல்லை. புடவையே ஏடு.

ஆரணியில் இப்படி நெய்தவர்கள் ஒரே குலத்தவரும் அல்ல, ஒரே மொழியினரும் அல்ல. சௌராஷ்டிரக் குடும்பங்களும் இங்கே உண்டு. குஜராத் பக்கத்திலிருந்து பட்டு நெசவாளர்கள் இடம்பெயர்ந்த கதை மிகப் பழையது. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர் கல்வெட்டில், லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று கி.பி. 436–437 வாக்கில் சூரியனுக்குக் கோயில் எழுப்பியது பற்றியும், 473 வாக்கில் அதைப் பழுது பார்த்தது பற்றியும் இருக்கிறது. நெய்து சேர்த்த பணத்தில் கோயில் கட்டி, புலவரை வைத்துப் பாட்டு எழுதிக் கல்லில் பொறித்தவர்கள். நெசவாளர் கலைக்குப் பொருள் கொடுத்த புரவலராகவும் இருந்தார் என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

20ஆம் நூற்றாண்டில் பழைய கரைகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். மேடையில் உடுத்தத் தகுந்த புடவை கடையில் கிடைக்கவில்லை. மெல்லிய கரையும் ரசாயன நிறமுமாகச் சந்தை மாறியிருந்தது. அதனால் நாட்டியப் பள்ளியிலேயே தறி போட்டார். அகலமான கோர்வைக் கரை, எதிரெதிர் நிறங்கள், பழைய வடிவங்கள். இன்று 'கலாக்ஷேத்திரா புடவை' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது ஒரு நாட்டியக்காரரின் தேவையிலிருந்து பிறந்தது.

நாடு விடுதலை அடைந்தபின் இந்த வேலையை அரசே எடுத்துக்கொண்டது. புபுல் ஜெயகரின் முயற்சியில் 1956இல் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கின. சென்னை, பம்பாய் மையங்கள் முதலில் வந்தவை. நமக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்திலும் ஒன்று இருக்கிறது. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், அங்கே ஓவியர்களை வேலைக்கு வைத்தது. கே.ஜி. சுப்ரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாயில் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு இருந்தார். கும்பகோணம் பக்கம் உப்பிலியப்பன் கோயிலில் பிறந்த வீர சந்தானம் நீண்ட காலம் இந்த மையங்களில் பணியாற்றினார். பாலுமகேந்திராவின் 'சந்தியா ராகம்' பார்த்தவர்களுக்கு அவர் முகம் தெரிந்திருக்கும். 2017இல் காலமானார்.

மாதச் சம்பளத்துக்காகப் போன வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தறிக்கு வரைகிறவர் நிழல் தீட்ட முடியாது. கோடும் தட்டை நிறமும் திரும்பத் திரும்ப வரும் வடிவமும்தான் அவருக்குக் கருவி. வீர சந்தானத்தின் ஓவியங்களைப் பாருங்கள். தோற்பாவைக் கூத்தின் தோல் பொம்மை போல, விளிம்பு தெளிவாக வெட்டிய உருவங்கள், உள்ளே நுணுக்கமான வேலைப்பாடு. ரெட்டப்ப நாயுடுவின் தெய்வங்களும் இசைக்கலைஞர்களும் கோட்டிலேயே நிற்பவர்கள். சுப்ரமணியன் பிறகு பரோடாவில் மாணவர்களோடு சேர்ந்து பொம்மை செய்தார், சுடுமண்ணில் வேலை செய்தார். கைவினைக்கும் ஓவியத்துக்கும் நடுவில் வேலி போடக் கூடாது என்று கடைசிவரை எழுதியும் பேசியும் வந்தார். தறி அவர்களுக்குக் கொடுத்தது சம்பளம் மட்டும் அல்ல என்பது என் எண்ணம்.

சோழமண்டலத்தையும் சொல்லாமல் விட முடியாது. கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்தபோது அவருக்கு ஒரு கவலை. படித்து முடித்த மாணவர்கள் ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாது, வேறு வேலைக்குப் போனால் ஓவியம் நின்றுவிடும். அவர் கண்ட வழி கைவினை. பாத்திக், தோல் வேலை, உலோக வேலை என்று பகலில் செய்து விற்று, மீதி நேரத்தில் வரைவது. பாத்திக் துணி விற்ற பணம் சேர்ந்துதான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வந்தது. 1966இல் கலைஞர்கள் அங்கே குடியேறினார்கள். இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இறங்கிப் பார்க்கலாம். மாமல்லபுரம் சுற்றுலா போகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

எல்லாப் பரிமாற்றமும் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. 2008 வாக்கில் ரவிவர்மாவின் ஓவியங்களைப் பட்டில் நெய்து ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு புடவை செய்தார்கள். கின்னஸிலும் இடம் பிடித்தது. முந்தானையில் இசைக்கருவிகளோடு பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியம். நெய்தவர்களின் திறமைக்குத் தலை வணங்குகிறேன். அந்த நிறங்களை இழையில் கொண்டுவருவது சாமானியம் அல்ல. ஆனாலும் ஓவன் ஜோன்ஸ் 1851இல் கேலி செய்த ரோஜாக் கம்பளம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மடித்துக் கட்டினால் அந்தப் பெண்களின் முகம் எங்கே போகும்? கட்டினால் மடிப்பில் இன்னும் அழகாகத் தெரிய வேண்டியது புடவை. உங்களில் பலருக்கு மாற்றுக் கருத்து இருக்கும், எழுதுங்கள். இன்று கட்டக் காகிதத்தின் இடத்தில் கணினி வந்துவிட்டது. முகமோ படமோ எதை வேண்டுமானாலும் நெய்யலாம் என்ற நிலை. கொக்கிகள் குறைவாக இருந்த பழைய பெட்டியில் பத்துப் பதினைந்து படியில் மயிலை முடித்தாக வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயத்தில் பிறந்த மயிலுக்கு இருக்கும் மிடுக்கு இப்போதைய மயிலுக்கு இல்லை என்று நான் சொன்னால், வயசாகிவிட்டது என்பார்கள்.

தறிகள் குறைவதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. காலையில் எழும்போது காதில் விழுந்த சத்தம் எத்தனை வீட்டில் நின்றுவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதும் 2009–10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2019–20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம். கைத்தறிக்கென்று 1985இல் சட்டம் போட்டு 22 ரகங்களை ஒதுக்கினார்கள். பிறகு அது 11 ஆனது. கரை போட்ட பட்டுச் சேலை அந்த ஒதுக்கீட்டில் இன்னும் இருக்கிறது, விசைத்தறி அதை மதிக்கிறதா என்பது வேறு விஷயம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில், மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை வேண்டும் என்பதற்காகப் பட்டு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஒளித்துக் கொண்டுவரும் நெசவாளராக பிரகாஷ்ராஜ் நடித்திருப்பார். தேசிய விருது பெற்ற படம். கூலி பற்றிய கட்டுரையாக இதை மாற்றினால் அதற்கே இன்னோர் இதழ் வேண்டும்.

நம்மால் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன் ஒரே ஒரு வெளிநாட்டுக் கதை. அன்னி ஆல்பர்ஸ் என்ற ஜெர்மானியப் பெண், 1920களில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் நெசவு கற்றவர். 1933இல் அமெரிக்காவில் குடியேறினார். அங்கே அவரை ஆட்கொண்டது தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் பழங்காலத் துணிகள். பாலைவனத்துக் கல்லறைகளில் உலர்ந்த மணலுக்குள் கிடந்ததால் பல நூற்றாண்டுகள் கெடாமல் இருந்தவை. பெயர் தெரியாத அந்த நெசவாளர்களையே தன் ஆசான்கள் என்றார். 1965இல் நெசவு பற்றி எழுதிய தன் நூலை அவர்களுக்கே காணிக்கையாக்கினார். மணலுக்குள் கிடந்த துணி அவ்வளவு தூரம் பேசியிருக்கிறது. நம் வீட்டுப் பீரோவில் இருப்பதற்கும் பேச ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

கேட்பது இதுதான். உங்கள் வீட்டில் 1980க்கு முன் ஆரணியில் நெய்த புடவையோ அங்கவஸ்திரமோ இருந்தால், விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். விற்பதற்கு முன் படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாமல், தரையில் வெள்ளை வேட்டி விரித்து அதன் மேல் வையுங்கள். கரை, உடல், முந்தானை மூன்றும் தனித்தனியாக வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். ஒரு வடிவம் தொடங்கி மறுபடி அதே வடிவம் வரும் வரை முழுதாகப் படத்தில் வர வேண்டும், அப்போதுதான் கட்டத்தில் ஏற்ற முடியும். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். வரைகிறவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான், இழை எப்படிப் போயிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். யார் கல்யாணத்துக்கு எடுத்தது, எந்த ஆண்டு, எந்தத் தெருவில் நெய்தது, அந்தக் கரைக்கு வீட்டுப் பெரியவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். பெயர் முக்கியம். பாட்டிகள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வைத்திருக்க நினைப்பவர்களுக்கு: பிளாஸ்டிக் பையில் வேண்டாம், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பூச்சி உருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடியுங்கள். என் அம்மா புடவை கெட்டது மடிப்பில்தான்.

வந்த படங்களைச் சங்க அலுவலகக் கணினியில் தெருவாரியாகச் சேர்த்து வைப்போம். நம் நகரில் தறிக்கு வரைகிறவர்கள் யார் வந்து கேட்டாலும் பார்க்கலாம், காசு இல்லை. ஓவியம் வரையும் பிள்ளைகளும் வரலாம். கட்டக் காகிதமும் பென்சிலும் இருக்கும். படங்களை அடுத்த இதழ் வேலை தொடங்குமுன் கொடுத்துவிட்டால் நல்லது.

கடைசியாகச் சொந்த வேண்டுகோள் ஒன்று. 1960 வாக்கில் ஆரணியில் நெய்த, அரக்கு உடலும் பச்சைக் கரையும் கொண்ட கூறைப்புடவை யார் வீட்டிலாவது இருந்தால், கரையில் ஓடுவது அன்னமா கிளியா என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கிளி என்றால் அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.